கதவுக்குப் போட்ட தேர்க்கட்டை

சிதம்பரம் வடக்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அதன் வாட்ச்மேன் பெயர் சின்னையன். அவர் முகத்தில் நான் ஒரு தடவை மண்ணை வாரி இறைத்திருக்கிறேன். "அவரப் பத்திச் சொல்ல ஒனக்கு என்னாம்மா உரிமை இருக்கு?" என்று என் மகள் அகிலாண்டமே கேட்டாள். எனக்குத்தான் இருக்கிறது. அவரைப் புகழ்ந்து பேச ஊரில் ஆயிரம் பேர் வருவார்கள். அவரிடம் நேருக்கு நேர் நின்று தோற்றுப்போனவள் நான். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்த அளவு அவர்களுக்குத் தெரியாது.

சின்னையன் பிறந்தது கீழ வீதித் தேரடிக்குப் பின்னால். ஆனித் தேருக்கும் மார்கழித் தேருக்கும் வடம் பிடிக்க ஊரே திரண்டு வரும். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் வடம் பிடிக்கிறவர்கள் கையில் இல்லை. சக்கரத்தடியில் கட்டை போடுகிற நாலைந்து பேர் கையில் இருக்கிறது. அவருடைய அப்பா அந்த வேலை பார்த்தார். இவரும் பத்தொன்பது வயதில் சக்கரத்தோடு சக்கரமாக நடக்க ஆரம்பித்தார். மற்ற நாட்களில் ஒரு மரவாடியில் கட்டை அறுப்பார். ஒரு மார்கழித் தேரில் இடது கை விரல் இரண்டு சக்கரத்தடியில் போய்விட்டது. "கட்டையப் போட்ட கைய ஒடனே எடுத்துரணும். நான் அர நிமிஷம் யோசிச்சேன்" என்பார். கடல் பொங்கி வந்த 2004ஆம் வருஷம், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

நல்ல வாட்ச்மேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஐந்நூறு பெண்களுக்கும் யார் அப்பா, யார் சித்தப்பா என்று அவருக்கு மனப்பாடம். வாசலில் யார் வந்து உறவு சொன்னாலும் மரியாதையாக உள்ளே விடுவார். அதிலும் தாய்மாமன் என்றால் எழுந்து நிற்பார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். காது குத்த மடி கொடுப்பவன், சடங்குக்குச் சீர் கொண்டுவருபவன், அவனை யார் வாசலில் நிறுத்துவார்கள்?

இனி எங்கள் கதை. எனக்குச் சொந்த ஊர் திருவந்திபுரம். மகள் அகிலாண்டத்தைச் சிதம்பரத்தில் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. அவர்களுக்கு ஒரே பெண் இளமதி, அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். என் மகன் செந்தமிழ்செல்வன் அண்ணாகிராமம் பக்கம் முந்திரி லோடு வண்டி ஓட்டினான். இளமதி வயதுக்கு வந்தபோது பச்சை ஓலை கட்டிக் குடிசை போட்டதும் அவன்தான், இருபத்தொரு தட்டுச் சீர் கொண்டுவந்ததும் அவன்தான். அன்றைக்குப் பந்தலில் நின்றுகொண்டு, "இவ என் வீட்டுக்கு வரப்போற மருமவ" என்று நான் எல்லார் காதிலும் விழச் சொன்னேன். பதிமூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி. என் மகனுக்கு அப்போது இருபத்தைந்து. அந்தப் பேச்சை அவன் பத்திரமாக வைத்துக்கொண்டான். அதை அவன் கையில் கொடுத்தது நான். இதை மறைக்கப்போவதில்லை.

பெண் கேட்டபோது அகிலாண்டம் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "அவ படிக்கட்டும்மா. அவளுக்குப் பிடிக்கல, எனக்கும் பிடிக்கல."

2009 ஆவணி மாதம், இளமதி பத்தாம் வகுப்பு. ஒருநாள் மதியம் என் மகன் கையில் ஜாங்கிரிப் பெட்டியோடு பள்ளிக்கூட வாசலுக்குப் போனான்.

"இளமதி, பத்தாவது பி. நான் அவ தாய்மாமன்."

சின்னையன் எழுந்துவிட்டார். "வாங்க மச்சான். மாடி ஏறி ரெண்டாவது ரூம்பு. வீட்டுல ஏதும் விசேஷமா?"

"விசேஷந்தான்" என்றானாம்.

பெட்டியில் ஜாங்கிரிக்கு அடியில் பலாப்பழம் அறுக்கிற கத்தி இருந்தது. இளமதிக்குத் தோளிலும் இடது கையிலும் வெட்டு. கணக்கு டீச்சர் நாற்காலியைத் தூக்கி நடுவில் நிறுத்தினார், அதனால் உயிர் தப்பியது. அலறல் கேட்டதும் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் என்ன என்று பார்க்க வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள். மாடிப்படி அடைத்துக்கொண்டது. சின்னையனால் மேலே ஏற முடியவில்லை. பிள்ளைகளை விலக்கிக்கொண்டு அவர் வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் மகனைக் கட்டிப்பிடித்துப் போலீசில் ஒப்படைத்தது மட்டும்தான் அவரால் முடிந்தது.

யாரும் சின்னையனைக் குறை சொல்லவில்லை. தலைமையாசிரியை லலிதாம்பாள் டீச்சரே, "தாய்மாமன்னு சொன்னா யாருதான் நிறுத்துவா? நானா இருந்தாலும் விட்டிருப்பேன் சின்னையா" என்றார்களாம்.

"அதான் டீச்சர் தப்பு. எல்லாரும் விடுவாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

இளமதி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தாள். பிறகு வீட்டில். புத்தகம் படித்தாள், ஆனால் பள்ளிக்கூடம் என்று சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவாள். மார்ச் மாதம் பொதுப் பரீட்சை. அதை எழுதாவிட்டால் ஒரு வருஷம் போகும். அகிலாண்டம் என் மகள், அவளை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் போனால் அதற்கு மேல் அனுப்ப மாட்டாள். பெண் அடுப்படியோடு நின்றுவிடும். அது சின்னையனுக்கும் தெரிந்திருந்தது. ஐப்பசியில் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றார்.

"பிள்ளையப் பரீட்சைக்கு அனுப்புங்கம்மா."

அகிலாண்டம் நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்க பள்ளிக்கூடத்துல ஒரு கதவுக்காச்சும் உள்பக்கம் தாப்பா இருக்கா? மொதல்ல அதப் பாத்துட்டு வாங்க."

பார்த்தார். பதினாலு அறை. ஒன்றுக்கும் இல்லை. முன்னொரு காலத்தில் இருந்ததாம். ஒரு வருஷம் பிள்ளைகள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தமிழ் ஐயாவை ஒரு பீரியடு முழுக்க வராந்தாவில் நிற்க வைத்தார்கள். கோபத்தில் பள்ளிக்கூடச் செயலாளர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார். இப்போது திரும்பப் போடச் சொன்னால், "அந்த வம்பே வாணாம்" என்கிறார்.

சின்னையன் மரவாடிக்குப் போனார். கருவேலங்கட்டையில் பதினாலு துண்டு அறுத்தார். ஒரு முனை விரல் கனம், மறுமுனை நாலு விரல் கனம். தேருக்குப் போடுகிற கட்டையின் குட்டி. எல்லாம் உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அடியில் கட்டையைச் செருகினால் வெளியிலிருந்து எத்தனை பேர் தள்ளினாலும் அது இறுகத்தான் செய்யும். தள்ளத் தள்ள இறுகும்.

அப்படித்தான் இறுக வேண்டும். முதல் நாள் வைத்துப் பார்த்தபோது இறுகவில்லை. தேர் ஓடுவது தார் ரோட்டில், கட்டை கடித்துக்கொள்ளும். வகுப்பறையில் வழுவழுப்பான சிமெண்டுத் தரை. இவர் வெளியிலிருந்து ஒரு தள்ளு தள்ள, கட்டை வழுக்கிப்போய்க் கரும்பலகைக்கு அடியில் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த டீச்சர்கள் சிரித்தார்கள்.

"சின்னையா, தேர் நெலைக்கு வந்துடுச்சு!"

"வரும் டீச்சர், வரும்" என்று அவரும் சிரித்தார். மறுநாள் சைக்கிள் கடையில் பழைய டயர் வாங்கிவந்து ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் வைத்து ஆணி அடித்தார். பிறகு கட்டை நகரவில்லை. தோள் கொடுத்து முட்டிப் பார்த்தார், டிரில் மாஸ்டரை முட்டச் சொன்னார். நகரவில்லை. ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஆணி அடித்துக் கயிற்றில் கட்டையைத் தொங்கவிட்டார்.

மணி என்று அங்கே இருப்பது தண்டவாளத் துண்டு. பீரியடுக்கு ஒன்று, இண்டர்வெலுக்கு மூன்று, விட்டு விட்டு அடிப்பார்கள். விடாமல் அடித்தால் கட்டை மணி. உடனே கதவைச் சாத்திக் கட்டை போட வேண்டும். கையை எடுக்க வேண்டும். ஜன்னலுக்கு நேரே இல்லாத சுவரோடு சுவராக உட்கார வேண்டும். சத்தம் வரக் கூடாது. லலிதாம்பாள் டீச்சர் இதை எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சின்னையன் விடாமல் மணி அடித்தார்.

ஐந்நூறு பிள்ளைகளும் வராந்தாவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். சின்னையன் அடிப்பதை வேடிக்கை பார்க்க.

எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் உள்ளே போகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடி வந்து, "என்னா, என்னா?" என்று கேட்பதுதான் பழக்கம். நானும் அப்படித்தான். ஆவணியில் மாடிப்படி அடைத்துக்கொண்டதும் அதனால்தான். அவர் திட்டவில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தாச்சா? நல்லா பாத்துக்குங்க. அடுத்த தடவ வேடிக்க பாக்க நான் ஒண்ணும் அழகா இல்ல" என்றார். பிறகு டீச்சரிடம் சொல்லி ஒரு பந்தயம் வைத்தார். எந்த அறை முதலில் சத்தம் அடங்குகிறதோ அதற்கு விளையாட்டுப் பீரியடு ஒன்று ஜாஸ்தி. மூன்றாம் தடவைக்குப் பள்ளிக்கூடம் முழுக்க நூறு எண்ணுவதற்குள் அடங்கியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் கட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றார்கள். "கட்டைய நம்புங்கடி, அது ஒங்கள விட கனம்" என்று சொல்லி இறக்கினார்.

வாசலிலும் சட்டம் மாறியது. வெளியே ஒரு பெஞ்சு. அப்பாவோ மாமாவோ யார் வந்தாலும் அதில் உட்கார வேண்டும். பிள்ளை மாடி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துத் தலையாட்டினால்தான் கீழே வரும். உள்ளே யாரும் போக முடியாது.

இதற்கு நடந்த சண்டை கொஞ்சமில்லை. தங்கராசு என்று ஒருத்தர், அண்ணாகிராமத்தில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், பெண்ணைக் கூட்டிப்போக வந்தார்.

"எம் பொண்ணு என்ன அடையாளம் காட்டணுமா? நான் என்னா திருட்டுப் பயலா?"

"திருட்டுப் பய இப்பிடிக் கத்த மாட்டானுங்க. ஒக்காருங்க, தண்ணி குடிங்க."

மகள் ஜன்னலுக்கு வந்தாள். பார்த்தாள். தலையாட்டவில்லை. அப்பா கையை ஆட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், துண்டை வீசினார். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் தலையாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். முந்தின வாரம் சினிமாவுக்குக் கூட்டிப்போகவில்லையாம். தங்கராசு அன்றிலிருந்து பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்தார்.

மாசி மாதம் சின்னையன் மறுபடியும் அகிலாண்டம் வீட்டுக்குப் போனார். கையில் ஒரு கட்டை. இந்த முறை உள்ளே வந்தார். இளமதியைக் கூப்பிட்டு, சமையல்கட்டுக் கதவைச் சாத்திக் கட்டை போடச் சொன்னார். அகிலாண்டத்தை வெளியிலிருந்து தள்ளச் சொன்னார். என் மகள் நல்ல உடம்புக்காரி. தள்ளினாள், முட்டினாள், புடவையைச் செருகிக்கொண்டு எட்டி உதைத்தாள். கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து இளமதி சிரிக்கிற சத்தம் கேட்டதாம். ஆறு மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

"அனுப்புறேன்" என்றாள் அகிலாண்டம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் திருவந்திபுரத்தில் இருந்தேன். தை மாதம் என் மகன் ஜாமீனில் வந்திருந்தான். சிதம்பரத்துப் பக்கமே போகக் கூடாது என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. அதை அவன் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "யம்மா, நான் அவகிட்ட மன்னிப்பு கேக்கணும். வீட்டுல அக்கா விட மாட்டா. பள்ளிக்கூடத்துல வச்சு ஒரே ஒரு வார்த்த பேசிட்டு வந்துர்றேன்" என்று நாலு நாள் அழுதான். பெற்ற வயிறு நம்பியது. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் குடும்பம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். நான் பிடித்தால் விட மாட்டேன், ஊருக்கே தெரியும்.

கணக்குப் பரீட்சை அன்று புளிச்சோறு கிண்டித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அவனோடு பஸ் ஏறினேன். பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சந்து. "நீ முன்னால போயி அவள வாசலுக்குக் கூட்டியா. நான் டீக்கடையில இருக்கேன்" என்றான்.

வாசலில் சின்னையன். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை.

"இளமதியோட ஆயா நான். அவ அம்மாவப் பெத்தவ. சோறு குடுக்கணும், கதவத் தொற."

"பரீட்ச நடக்குது ஆயா. அந்த பெஞ்சுல ஒக்காருங்க. முடிஞ்சதும் பிள்ள பாத்துச் சொல்லட்டும்."

"பெஞ்சுல ஒக்கார நான் ஆஸ்பத்திரிக்கா வந்தேன்? எம் பேத்தியப் பாக்க ஒங்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

"எங்கிட்ட இல்ல. ஒங்க பேத்திகிட்ட."

நான் அழுதேன். எனக்கு அழுகை சீக்கிரம் வரும். திருவந்திபுரத்திலிருந்து வெயிலில் வந்தேன், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று மார்பில் அடித்துக்கொண்டேன். அவர் மண்குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கம்பி வழியாகக் கொடுத்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல. நான் ஒண்டியாத்தான் வந்தேன்."

வாய் சொன்னது, கண் டீக்கடைப் பக்கம் போய்விட்டது. எத்தனை வருஷம் சக்கரத்தைப் பார்த்து நடந்தவர். என் கண் போன பக்கம் அவர் கண்ணும் போனது. டீக்கடைப் பலகையில் குடித்துவைத்த கிளாஸ் மட்டும் இருந்தது. ஆள் இல்லை.

அவர் பாய்ந்து கேட்டைப் பூட்டினார். எனக்கு வந்த ஆத்திரம்! பேத்திக்கும் எனக்கும் நடுவில் யாரோ ஒரு வாட்ச்மேன் பூட்டுப் போடுகிறான். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி, "நீ நல்லாருப்பியா!" என்று கம்பி வழியாக அவர் முகத்தில் இறைத்தேன். கண்ணெல்லாம் மண். துடைக்கக்கூட நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே தண்டவாளத்தைத் தடவிப்போய்க் கம்பியை எடுத்து அடித்தார். விடாமல் அடித்தார்.

பள்ளிக்கூடம் முழுக்கக் கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் மரத்தில் மரம் செருகுகிற சத்தம், மேலும் கீழுமாக. பிறகு ஒன்றுமே இல்லை. அத்தனை பிள்ளைகள் உள்ளே இருக்கிற இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மாடியில் இளமதி இருந்த அறையில் நடந்ததை அவள் பிறகு சொன்னாள். பரீட்சைக்கு மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கதவு ஓரம் உட்கார்ந்திருந்த பெண் புதுசு. மேற்பார்வைக்கு வந்த ஐயாவும் வெளியூர். அவருக்கு முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார்கள், ஆனால் மணி அடித்ததும் பதறிப்போய், "யாரும் எழுந்திரிக்கக் கூடாது! பேப்பரப் புடுங்கிருவேன்!" என்று கத்தியிருக்கிறார். இளமதி எழுந்தாள். கதவைச் சாத்தினாள். ஆணியிலிருந்து கட்டையை எடுத்துச் செருகிக் காலால் ஒரு தட்டு தட்டினாள். கையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் போய் உட்கார்ந்தார்கள். அந்த ஐயாவும்.

என் மகன் பின்பக்கம் கக்கூஸ் சுவர் ஏறிக் குதித்து மாடிக்கு வந்திருந்தான். கதவைத் தள்ளினான். ஒரு விரல் அளவு அசைந்து நின்றது. தள்ளத் தள்ள இறுகியது. அப்போது அவன் கத்தியது கீழே வாசலில் நின்ற என் காதில் விழுந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவன் பேசுகிற பேச்சு இல்லை அது. அதை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். அந்தக் குரலைக் கேட்ட நிமிஷம் என் கையிலிருந்து தூக்குவாளி விழுந்துவிட்டது.

பரீட்சை பந்தோபஸ்துக்கு இருந்த போலீஸ்காரரும் டிரில் மாஸ்டரும் அவனை வராந்தாவிலேயே பிடித்தார்கள். காலியான வராந்தா, குறுக்கே ஒரு பிள்ளை இல்லை, நேராக ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அவன் இடுப்பில் கத்தி இருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

சின்னையன் மணியை நிறுத்திவிட்டு வந்து குடத்தண்ணீரில் கண்ணைக் கழுவினார். போலீஸ்காரர் வந்து, "இவன் யாரு கூட வந்தான்? இந்தம்மா யாரு?" என்று கேட்டார். சின்னையன் என்னைப் பார்த்தார். "அவுங்களே சொல்லுவாங்க சார்" என்றார்.

"நாந்தான் கூட்டியாந்தேன்" என்றேன். ஸ்டேஷனில் எழுதிப் படித்துக் காட்டினார்கள். ஒரு இடத்தில், வழியில் தற்செயலாகச் சந்தித்ததாக எழுதியிருந்தார்கள். அதை அடிக்கச் சொல்லி, மாற்றி எழுதிய பிறகுதான் கைநாட்டு வைத்தேன். கோர்ட்டிலும் அதையே சொன்னேன். பெற்றவள் சொல்லலாமா என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள். கேட்கட்டும். அவன் இப்போது தண்டனை அனுபவிக்கிறான். மாதம் ஒருதரம் போய்ப் பார்க்கிறேன், அவனுக்கும் நான்தானே தாய்.

பரீட்சைக்குப் பெரிய அதிகாரியாக வந்தவர் போன நேரத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். இளமதி எல்லாக் கணக்கும் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் அவளை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சின்னையன் பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன். அவள் ஜன்னலுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். தலையாட்டவில்லை.

"பிள்ள வாணாங்குது ஆயா" என்றார் சின்னையன். கோபமாகச் சொல்லவில்லை. "போயிட்டு வாங்க."

கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. சிந்திய சோற்றை அவரே பெருக்கி அள்ளிவிட்டு, கழுவிய தூக்குவாளியை என்னிடம் கொடுத்தார்.

பேத்தி என்னோடு எப்போது பேசினாள், என்ன பேசினாள் என்பது எங்கள் வீட்டு விஷயம். கணக்கில் எழுபத்தெட்டு வாங்கினாள், அதைச் சொல்லலாம். இந்த வருஷம் பன்னிரண்டாவது முடித்துக் கடலூரில் காலேஜில் சேர்ந்திருக்கிறாள்.

சின்னையனை இப்போது மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் கூப்பிடுகிறார்கள். கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுற்றுவட்டார வாட்ச்மேன்களை எல்லாம் கூட்டி ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஆயா, நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு? எனக்குக் கட்டை போடக்கூடத் தெரியாது."

"கத்தியோட வர்றவன நிறுத்த எல்லாருக்கும் தெரியும். தூக்குவாளியோட வர்றவங்கள நிறுத்தத்தான் தெரியாது. நீங்க செஞ்சு காட்டணும்."

அகிலாண்டத்திடம் போனில் சொன்னேன், வேண்டாம் என்றாள். அதனாலேயே போனேன்.

முப்பது பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்று, வாசலில் நான் சொன்ன பொய், அழுத அழுகை, பச்சைத் தண்ணீர் குடிக்காத கதை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு சின்னையன் கம்மாபுரத்திலிருந்து வந்த ஞானசேகரன் என்கிற ஆளை எழுப்பி, ஒரு நாற்காலியை வாசலாக வைத்து நிற்கச் சொன்னார். மீசை வைத்த வாட்டசாட்டமான ஆள்.

நான் போனேன். "அப்பா, எம் பேத்திக்கு ஜொரம்னு சொன்னாங்க. பஸ்ஸுக்குக் காசு இல்லாம நடந்தே வந்தேன் சாமி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"அய்யய்யோ, உள்ள போங்கம்மா" என்று ஞானசேகரன் நாற்காலியை நகர்த்திவிட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"என்னா மச்சான், ஒரு சொட்டுக் கண்ணீருக்கே கதவத் தொறந்துட்ட!" என்று பின்னாலிருந்து ஒருத்தர்.

சின்னையன் சிரிக்கவில்லை. "மறுபடி" என்றார்.

இரண்டாம் தடவை ஞானசேகரன் நிறுத்தினார், ஆனால் நான் திட்ட ஆரம்பித்ததும் வழிவிட்டார். மூன்றாம் தடவை நான் திட்டினேன், அழுதேன், குலத்தையே இழுத்தேன், கீழே குனிந்து மண் வாருவது போலக்கூடச் செய்தேன். மனுஷன் வியர்த்துப்போய் நின்றார். நாற்காலியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"பிள்ள பாத்துச் சொல்லட்டும்மா. ஒக்காருங்க. தண்ணி தர்றேன்."

"ஆங்" என்றார் சின்னையன். "அதான். அடுத்த ஆளு வா."

இன்னும் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். ஒரு சோடா வாங்கி வரச் சொல்லிக் குடித்தேன். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மறுபடியும் வாசலுக்கு நடந்தேன்.